மண் துப்பிய தூண்

"இஞ்சாருங்கோ, படலை பூட்டுதில்லை."

ஏப்ரல் நடுப்பகுதி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் பனி கரைந்து முடிந்து, போன வருடத்துப் புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. ஒக்டோபர் வரைக்கும் தள்ளிவிட்டால் தானாகப் போய் விழுந்த தாழ்ப்பாள், இப்போது கொளுவியைத் தொடாமல் ஒரு விரல்கடை கீழே நின்றது. படலை தொங்கிவிட்டதோ என்று தூக்கிப் பார்த்தேன். பிணைச்சல் இறுக்கமாகத்தான் இருந்தது. அது பூட்டியிருப்பது வீட்டுச் சுவரில். வீடு எங்கேயும் போகவில்லை. எதிர்ப்பக்கத்து வேலித் தூணைக் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. படலை இறங்கவில்லை, தூண் ஏறியிருக்கிறது. நிலத்துக்குள் கிடக்க வேண்டிய கொங்கிறீற், புல்லுக்கு மேலே ஆட்டுக்கல் மாதிரித் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அளவுநாடா 7 சென்ரிமீற்றர் காட்டியது.

அதற்கு முன்னும் இரண்டு தடவை கொளுவியைக் கழற்றிக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மரம் ஊதிச் சுருங்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன். வேலி அடித்து நாலு பனிக்காலம் கழிந்திருந்தது.

நாலு வருடத்துக்கு முன் விலை கேட்க இரண்டு பேரைக் கூப்பிட்டேன். அளவு சின்னதுதான்: 64 அடி நீளம், 6 அடி உயரம், 8 பலகைத் தட்டி, 9 தூண். முதலில் வந்தவர் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர். காலால் புல்லை உதைத்துப் பார்த்தார், மூலைக்குப் போய் நின்றார், 3,900 டொலர் என்றார். அடிக்கு 61 டொலர். ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

"அண்ணை, நாலடி கிண்டினாத்தான் காணும். ரெண்டடியிலை நிப்பாட்டினா மூண்டு வின்ரர் தாங்கும். நாலாவதிலை என்னைத்தான் பேசுவியள்."

இரண்டாமவர் அளந்தார், கைபேசியில் தட்டினார், 3,000 என்றார். ஆழத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு காகிதத்திலும் ஒரே மரம், ஒரே உயரம், ஒரே நீளம். 900 டொலர் மிச்சம் என்று இரண்டாமவருக்கு முற்பணம் கொடுத்தேன்.

அந்த 900 டொலர் எங்கே இருந்தது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் தோண்டப் போகிறேன்.

*

முதலில் கடைக்கணக்கு. 6 அடி வேலிக்கு 2 அடி புதைத்தால் 8 அடித் தூண் போதும். 4 அடி புதைக்க 10 அடித் தூண் வேண்டும். நான் பின்னர் கடையில் பார்த்த விலைப்படி ஒரு தூணுக்குப் பத்து டொலர் கூட. ஒன்பதுக்குத் தொண்ணூறு.

அடுத்தது கொங்கிறீற். வழக்கமான குழி 10 அங்குல அகலம். அதை 4 அடிக்குத் தோண்டினால் வெளியே வரும் மண் 62 லீற்றர். தூண் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் உள்ளே போகும் கொங்கிறீற் 52 லீற்றர். தண்ணீர் மட்டும் கலந்தால் போதும் என்று விற்கும் 30 கிலோ மூட்டை ஒன்று 14 லீற்றரை நிரப்பும். ஆக ஒரு குழிக்கு 4 மூட்டை, ஒன்பது குழிக்கு 36. ஒரு தொன்னுக்கு மேல். வெளியே வரும் மண்ணும் ஒரு தொன் அளவில் வரும். அதை ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டவும் யாரோ வேண்டும். ஆழத்தைப் பாதியாக்கினால் இரண்டு கணக்கும் பாதி. மூட்டை 8 டொலர் என்று வைத்தால் மிச்சம் 144 டொலர்.

தொண்ணூறும் நூற்றுநாற்பத்துநாலும் 234. மிச்சம் 666 டொலரும் கூலி. அநியாயக் கூலியும் அல்ல. மேல் இரண்டடி மண்ணும் கீழ் இரண்டடி மண்ணும் ஒன்றல்ல. மேலே வேரும் கறுப்பு மண்ணும். துளைபோடும் இயந்திரம் வெண்ணெயில் போல இறங்கும். கீழே பனியாறு அரைத்து விட்டுப்போன களியும் கல்லும். ஒரு முட்டைக் கல் குறுக்கே வந்தால் இயந்திரம் நின்றுவிடும், அதன் கைப்பிடி பிடித்திருப்பவனைச் சுழற்றப் பார்க்கும். அலவாங்கை எடுத்து இறங்கவேண்டியதுதான். ஸ்காபரோவின் பின்வளவுகளுக்குள் பெரிய இயந்திரம் நுழையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு குப்பை வாளி போகுமளவுதான் இடம்.

சுருக்கமாகச் சொன்னால், குளிர் நாட்டில் வேலிக்காரனிடம் நாங்கள் வாங்குவது பலகையை அல்ல, குழியை. பலகையின் விலையை எந்தக் கடையிலும் பார்க்கலாம். குழியோ மூடிய அன்றே மறைந்துவிடுகிறது. வீட்டு அத்திவாரத்தைப் பார்க்க நகரசபைப் பரிசோதகர் வருவார். ரொறன்ரோவில் நீச்சல்குளத்தைச் சுற்றிய வேலிக்கும் அனுமதி வேண்டும். சாதாரணப் பின்வளவு வேலிக்குக் கட்டட அனுமதி கிடையாது. ஆகவே அந்தக் குழிக்குள் எட்டிப் பார்க்க ஒருவருமில்லை.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் இந்தப் பேச்சே எழாது. மழைக்குப் பிறகு கிளுவையோ பூவரசோ கதியாலாக வெட்டி ஒரு முழம் ஆழத்தில் நட்டால், மாதம் திரும்ப முன் துளிர்விடும். அந்த மண் தூணை வாங்கிக்கொள்ளும், வேர் பிடித்து வைத்திருக்கும். இந்த மண் துப்புகிறது. ஏன்?

*

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரு பதில் தெரியும்: தண்ணீர் உறைந்தால் பெருக்கும். உறைபெட்டியில் வைத்து மறந்த சோடாப் போத்தல் வெடிப்பதைப் பார்த்திருக்கிறோம். மண்ணிலுள்ள தண்ணீர் உறைகிறது, பெருக்கிறது, மண்ணைத் தூக்குகிறது, மண் தூணைத் தூக்குகிறது. நானும் அப்படித்தான் வகுப்பில் படித்தேன்.

கணக்குப் போட்டால் இந்தப் பதில் உதைக்கிறது. தண்ணீர் உறையும்போது கனவளவு கூடுவது 9 சதவீதம். மண்ணில் நாற்பது சதவீதம் தண்ணீர் என்றே வைப்போம். அது நன்றாக ஊறிய மண். 1.2 மீற்றர் ஆழத்துக்கு அத்தனையும் உறைந்தாலும், பெருக்கம் முழுவதும் மேல்நோக்கியே போனாலும், நிலம் உயரக்கூடியது 4 சென்ரிமீற்றரை ஒட்டித்தான். ஆனால் குளிர் நாட்டுச் சாலைகள் ஒரே பனிக்காலத்தில் 10, 20 சென்ரிமீற்றர் எழும்பியிருக்கின்றன. இன்னொன்று: மணலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி உறையவைத்தாலும் அது அசைவதில்லை. பெருக்கம்தான் காரணமென்றால் மணல் மட்டும் ஏன் விலகி நிற்க வேண்டும்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பனியே அரிதாக விழும் ஊரில் இருந்தவர் என்பதுதான் வேடிக்கை. ஸ்டீபன் டேபர் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியர். 1929இலும் 1930இலும் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் ஒரு எளிய தந்திரத்தைச் செய்து காட்டினார். மண்ணுக்குத் தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீன் ஊட்டி, மேலிருந்து கீழாக உறையவைத்தார். பென்சீன் உறையும்போது பெருக்காது, சுருங்கும். அப்படியிருந்தும் மண் எழும்பியது.

சோடாப் போத்தல் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. உள்ளே இருந்த திரவம் பெருத்ததால் மண் எழும்பவில்லை. வெளியிலிருந்து புதிய திரவம் வந்து சேர்ந்ததால் எழும்பியது. உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. (2000ஆம் ஆண்டில் வேறொரு குழு ஆர்கன் வாயுவைத் திரவமாக்கி, உறையவைத்து, அதுவும் இதே வேலையைச் செய்வதைக் காட்டியது. இந்தப் பழக்கம் தண்ணீருக்கு மட்டும் உரியதல்ல.)

வந்த தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மார்ச் மாதத்தில், நிலம் இன்னும் இறுகியிருக்கும்போது, தோட்டத்து ஓரத்தில் அலவாங்கால் ஒரு பாளத்தைப் பெயர்த்து அதன் பக்கவாட்டைப் பாருங்கள். குழல்புட்டு மாதிரி இருக்கும். மாவுக்கு மண், தேங்காய்ப்பூவுக்கு வெண்பனிக்கட்டி, அடுக்கடுக்காக. சில அடுக்கு நகம் தடிப்பு, சில விரல் தடிப்பு. நான் பெயர்த்த துண்டில் ஒரு அடுக்கை நகத்தால் நெம்பினேன். கண்ணாடித் துண்டுபோல் தெளிவாகக் கழன்று வந்தது, உள்ளே மண் துகள் கிட்டத்தட்ட இல்லை. இவற்றைப் பனிக்கட்டி வில்லைகள் என்கிறார்கள். மண் துகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தண்ணீர் தனியாகக் கூடி உறைந்த இடங்கள் இவை. நிலம் எத்தனை சென்ரிமீற்றர் எழும்பியதோ, ஏறத்தாழ அத்தனை சென்ரிமீற்றர் தடிப்பான வில்லைகள் கீழே சேர்ந்திருக்கும்.

பூச்சியம் பாகைக்குக் கீழே போயும் முழுத் தண்ணீரும் உறைந்துவிடுவதில்லை. மண் துகளின் மேற்பரப்பை ஒட்டி, மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியதான ஒரு நீர்ப்படலம் திரவமாகவே இருக்கிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் இப்படி ஒரு படலம் உண்டென்று 1850இலேயே மைக்கேல் ஃபரடே சந்தேகப்பட்டார். இரண்டு பனிக்கட்டித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்வதை வைத்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். மண்ணில் இந்தப் படலம் துகளுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே ஒரு வழுக்குப் பாயாகக் கிடக்கிறது. பனிக்கட்டி அதிலிருந்து ஒரு வாய் எடுத்து வளர்கிறது. படலம் மெலிகிறது. துகளின் ஈர்ப்பு, மெலிந்த படலத்தைப் பழைய தடிப்புக்குக் கொண்டுவரக் கீழிருந்து தண்ணீரை இழுக்கிறது. மறுபடி ஒரு வாய். போர்க்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து விளக்குக் கொளுத்தியவர்களுக்கு இது புதிதல்ல. மேலே சுடர் குடிக்கிறது, திரி கீழிருந்து கொண்டுவருகிறது.

வில்லை ஏன் ஒரே இடத்தில் நின்று தடிக்கிறது என்பதும் அழகானது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. கீழிருந்து தண்ணீர் வந்து உறைந்துகொண்டிருக்கும் வரை அந்த வெப்பம் மேலிருந்து இறங்கும் குளிருக்கு ஈடு கொடுக்கும். உறையும் முனை கீழே நகராது. ஆகவே திடீரென்று ஒரு இரவில் மைனஸ் 25க்கு விழும் குளிரைவிட, மைனஸ் 4, மைனஸ் 5 என்று வாரக்கணக்கில் இழுபடும் மெல்லிய குளிரே தடித்த வில்லையை வளர்க்கும்.

அது தூக்கும் பலமோ பயங்கரம். வெப்ப இயக்கவியல் தரும் மேல் எல்லை இது: பூச்சியத்துக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 11 மடங்கு. ஒரு சதுர சென்ரிமீற்றரில் 11 கிலோ. நடைமுறையில் மண் அந்த எல்லை வரை போகாது, போக வேண்டிய தேவையும் இல்லை. வேலி என்ன, வீட்டையே தூக்க அதில் ஒரு பங்கு போதும்.

ஆக மூன்று சேர வேண்டும்: குளிர், தண்ணீர், தண்ணீரை இழுக்கத் தெரிந்த மண். மணலின் துளைகள் பெரியவை. திரியாக வேலை செய்யாது. களியின் துளைகள் நுண்மையானவை, இழுக்கும் ஆசை மிக அதிகம், ஆனால் தண்ணீர் அதற்குள் நத்தை வேகத்தில்தான் நகரும். நடுவிலுள்ள வண்டல்தான் எமன்: இழுக்கவும் தெரியும், வழிவிடவும் தெரியும். ஆர்தர் காசகிராண்டே 1930களின் தொடக்கத்தில் சாலைப் பொறியாளருக்கு ஒரு கட்டளைவிதி கொடுத்தார்: பலவகைத் துகள் கலந்த மண்ணில், 0.02 மில்லிமீற்றருக்குச் சிறிய துகள் 3 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இரு. ரொறன்ரோவைச் சுற்றி வண்டலும் களியும் கலந்த பனியாற்றுப் படிவு. 3 சதவீதத்தை அது எப்போதோ தாண்டிவிட்டது.

*

நிலம் எழும்புவது சரி. வசந்தத்தில் நிலம் இறங்கிவிடுகிறதே, தூண் மட்டும் ஏன் மேலேயே நிற்கிறது?

ஏனென்றால் தூணை மண் அடியிலிருந்து தள்ளுவதைவிடப் பக்கத்தில் பிடித்து இழுப்பதுதான் அதிகம். ஈரமண் உறையும்போது கொங்கிறீற்றின் தோலோடு ஒட்டி உறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் இரும்புக் கம்பியில் நாக்கை வைத்த பிள்ளையின் கதைதான். கனடாவில் ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆய்வுச் சபையில் எட்வர்ட் பென்னர் என்ற விஞ்ஞானி 1960களிலும் 70களிலும் மரம், இரும்பு, கொங்கிறீற் தூண்களை நிலத்தில் நட்டு, பனிக்காலம் முழுக்க அந்த இழுவையை அளந்தார். வண்டலும் களியும் மரத்தையோ கொங்கிறீற்றையோ ஒட்டி உறைந்தால், சதுர மீற்றருக்கு ஆறரைத் தொன் அளவில் இழுக்கும் என்று இங்கே பொறியாளர்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

என் படலைத் தூணுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். 10 அங்குலக் கொங்கிறீற் உருளை, 2 அடி ஆழம். பக்கத் தோலின் பரப்பு கிட்டத்தட்ட அரைச் சதுர மீற்றர். இழுவை 3 தொன்னுக்கு மேல். எதிர்ப்பக்கத்தில் கீழ்நோக்கி அழுத்துவது என்ன? இரண்டு மூட்டைக் கொங்கிறீற், தூண், ஒரு தட்டியின் பங்கு. எல்லாம் சேர்த்து 150 கிலோ. யானையோடு ஆட்டுக்குட்டி கயிறிழுத்த கதை.

இந்தக் கணக்கில் எனக்கு அதிர்ச்சி தந்தது வேறொன்று. கொங்கிறீற்றே போடாமல் அந்த மரத்தூணை வெறும் மண்ணில் நட்டிருந்தால் பக்கப் பரப்பு பாதிக்கும் குறைவு. இழுவையும் ஒன்றரைத் தொன்னுக்கு இறங்கியிருக்கும். ஆழமில்லாத குழியில் போட்ட கொங்கிறீற் தூணைப் பாதுகாக்கவில்லை. பனிக்குப் பிடித்து இழுக்க வசதியாக ஒரு தடித்த கழுத்தைச் செய்து கொடுத்திருக்கிறது. அதற்கு நான் காசும் கொடுத்திருக்கிறேன்.

தூண் ஒரு விரல்கடை மேலே வந்ததும் அதன் அடியில் வெற்றிடம் உண்டாகிறது. வசந்தத்தில் பனி உருகுவது மேலிருந்து கீழாக. சுற்றியுள்ள மண் சரிந்து அந்த வெற்றிடத்துக்குள் விழும்போது, தூணின் நடுப்பகுதி இன்னும் உறைந்த மண்ணின் பிடியில் இருக்கும். அந்தப் பிடி விட்டுத் தூண் இறங்கப் பார்க்கையில் அதன் இருக்கையில் மண் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருடம் அதே இடத்திலிருந்து தொடக்கம். வாகனத்தை உயர்த்தும் ஜாக்கியின் பற்சக்கரம் போல, ஏறும், இறங்காது. நியூ இங்கிலாந்து விவசாயிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் வயலில் புதிதாக முளைத்த கற்களைப் பொறுக்கி வரம்பில் அடுக்கியதும் இதே சக்கரத்தின் வேலைதான்.

நாலடித் தூணுக்கு நடப்பது வேறு. ஸ்காபரோவில், பனி மூடிய புல்லின் கீழே, வழக்கமான வருடத்தில் உறைவு நாலடி வரைக்கும் போவதில்லை. மேல்பாதியை உறைந்த மண் இழுக்கிறது, கீழ்ப்பாதியை உறையாத மண் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தம்பி கேட்ட 666 டொலர் இந்தக் கயிறிழுப்பில் கீழ்ப்பக்கத்துக்கு ஆள் சேர்த்த காசு.

*

எவ்வளவு ஆழம் போதும் என்பது ஊருக்கு ஊர் மாறும், விலையும் கூடவே மாறும். ரொறன்ரோப் பகுதியில் அத்திவாரத்துக்கு 1.2 மீற்றர், அதாவது நாலடி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலச் சட்டம் தெற்கில் 42 அங்குலமும் வடக்கில் 60 அங்குலமும் கேட்கிறது. ஒரே மாநிலத்துக்குள் வடக்கே போனால் ஒன்றரை அடி கூடுதல் குழி. வினிப்பெக் நகரமோ பழைய அகாசிஸ் பனியாற்று ஏரியின் களிப்படுக்கையில் உட்கார்ந்திருக்கிறது. 2013-14 பனிக்காலத்தில் அங்கே உறைவு 2 மீற்றரைத் தாண்டி இறங்கி, வீதிக்கடியில் போன தண்ணீர்க் குழாய்களை உறையவைத்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் வாரக்கணக்கில் குழாய்த் தண்ணீரின்றி இருந்தன, சில வீடுகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தோட்டக் குழாய் இழுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மேலே வெயில் வந்த பிறகும் குளிர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

ஆழத்தைத் தீர்மானிப்பது குளிர் மட்டுமல்ல. புதிதாக விழுந்த பனி ஒரு கம்பளி. ஓரடிப் பனி மூடிய புல்லின் கீழே உறைவு மெதுவாக இறங்கும். வழித்துத் துடைத்த வண்டிப்பாதையின் கீழே வேகமாக இறங்கும். என் ஒன்பது தூணில் அதிகம் ஏறியது படலைத் தூண்தான் என்பதற்கு இதுவும் காரணம். குப்பை வாளியை இழுத்துப் போக அந்த நடைபாதையில் பனியை நானே ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்கிறேன். கூரைத் தண்ணீர்க் குழாயும் அந்த மூலையில்தான் கொட்டுகிறது. குளிரும் கொடுத்து, தண்ணீரும் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

வேலிப் பொருளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கம்பி வலை மலிவு, பிளாஸ்ரிக் வேலி விலை கூட, கடுங்குளிரில் பந்து பட்டால் வெடிக்கும். பச்சை மருந்து ஏற்றிய மரம்தான் இங்கே பெரும்பாலும். 2003 முடிவில் ஆர்சனிக் கலந்த மருந்தை வீட்டு மரங்களில் நிறுத்திவிட்டார்கள், இப்போது செம்பு கலந்தது. செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும், நாகம் பூசிய ஆணி வேண்டும். மரத்தின் விலை ஒரு பேய். 2021 மே மாதம் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் பலகையடி 1,600 டொலரைத் தாண்டியது, அதே ஓகஸ்டில் ஐந்நூறுக்கு அருகே விழுந்தது. குழியின் விலை அப்படி ஆடுவதில்லை.

இன்னொரு செலவு காசில்லாதது, ஆனால் நாளைத் தின்னும். ஒன்ராறியோவில் தோண்டுமுன் அழைத்துச் சொல்ல வேண்டும் என்று 2012இலிருந்து சட்டம் உண்டு. ஆட்கள் வந்து புல்லில் நிறம் தெளித்துப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், செம்மஞ்சள் தொலைபேசி. இலவசம். அவசரக்காரர் இதைத் தவிர்ப்பதுண்டு. எரிவாயுக் குழாயில் அலவாங்கு இறங்கினால் மிச்சம் பிடித்த நாளின் விலை தெரியவரும்.

அயலவரோடு செலவைப் பங்கு போடுவதற்கும் இங்கே சட்டம் இருக்கிறது. எல்லை வேலிக்கென்றே தனிச் சட்டம். அதன்படி உள்ளூராட்சி அமர்த்தும் மூன்று 'வேலி பார்ப்போர்' வந்து நின்று, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார்கள். ரொறன்ரோ போன்ற நகரங்களுக்குச் சொந்த விதிகள். வேலிச் சண்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு நடந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

*

அந்த வருடம் ஜூன் மாதம், முதலில் விலை சொன்ன தம்பியையே மறுபடி கூப்பிட்டேன். "சொன்னனான் தானே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே போதுமான தண்டனை. நாலு தூணை மாற்றுவது என்று பேசினோம்.

படலைத் தூணைக் கிண்டி எடுத்தபோது கொங்கிறீற்றின் வடிவத்தைக் காட்டினார். மேலே அகலம், கீழே ஒடுக்கம்: தலைகீழாக நிறுத்திய பனங்கிழங்கு அல்ல, நேராகவே நிற்கும் பனங்கிழங்கு. வேலி அடித்த இரண்டாமவர் குழியின் வாயை மண்வெட்டியால் அகட்டி, மிஞ்சிய கலவையை விளிம்பு வரை ஊற்றி, குடைபோலப் பரப்பிவிட்டிருந்தார். பார்வைக்குப் பலமாக இருந்திருக்கும். அந்தக் குடையின் அடிப்பக்கம் பனிக்கு ஒரு கைப்பிடி.

"உதை இப்பிடிக் கவிட்டு வச்சிருந்தா இழுக்க ஏலாது" என்றார்.

புதிய குழி நாலடி. அடியில் ஒரு சாண் சரளைக் கல், தண்ணீர் தங்காமல் இறங்க. அடியை அலவாங்கால் சுற்றிவரக் குடைந்து மணி வடிவில் அகட்டினார். மேலே இழுத்தால் அந்த அகன்ற அடி உறையாத மண்ணில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் மெழுகு பூசிய அட்டைக் குழாயை இறக்கி அதற்குள் கொங்கிறீற்றை ஊற்றினார். அட்டை தருவது வழுவழுப்பான பக்கம். கரடுமுரடான குழிச்சுவரில் ஊற்றிய கொங்கிறீற்றைப் போல மண்ணுக்குப் பல் பதிக்க இடமில்லை. கலவையை நிலமட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்தி, மிச்சத்தைச் சரளையால் மூடினார். கூரைக் குழாயைப் பார்த்துவிட்டு, அதன் வாயை முன்பக்கம் திருப்பச் சொன்னார். அதற்குக் கடையில் 12 டொலருக்கு ஒரு வளைவு கிடைத்தது. செய்த வேலைகளில் மலிவானதும் அதுதான், அனேகமாக அதிகம் உதவியதும் அதுதான்.

நாலு தூணுக்கு 1,400 டொலர். பழைய கொங்கிறீற் கட்டிகளை அவர் கொண்டுபோகவில்லை. அதற்குத் தனிக் காசு கேட்டார். சம்மட்டியால் உடைத்து, வாளிவாளியாக நானே இரண்டு கிழமை குப்பைமேட்டுக்கு ஏற்றி இறக்கினேன்.

மிச்ச ஐந்து தூணும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் வடக்கு மூலைத் தூணை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். மனைவிக்கு அதன் சாய்வு பிடிக்கவில்லை, மாற்றச் சொல்கிறார். பக்கத்தில் மணி வடிவ அடியில் நிற்கும் புதிய தூணின் குறுக்குச் சட்டத்திலிருந்து நீர்மட்டக் குழாயைப் பிடித்து, ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் மூலைத் தூணில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். முதல் வருடம் 9 மில்லிமீற்றர். அடுத்த பனிக்காலம் நத்தாரிலிருந்து மார்ச் வரை பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது, 4 மில்லிமீற்றர். போன பனிக்காலம் பனியே சரியாக விழவில்லை, பெப்ரவரியில் பிள்ளைகள் வெறும் புல்லில் பந்தடித்தார்கள், குளிருக்கு மட்டும் குறைவில்லை. இந்த ஏப்ரல் கோடு போட்டபோது இரண்டு தரம் அளந்தேன். 14.